அயலானின் உறக்கமும் நமது ஆராதனையும்



பிழைப்பைத் தேடி ஊரையும் உறவையும் விட்டு வந்து, மும்பையிலும் பெங்களூரிலும் புனேயிலும் டில்லியிலும் குடியிருக்கிற நம்மில் அநேகருக்கு, வீட்டின் சுவர் நமக்கு மாத்திரம் சொந்தமான சுவர் அல்ல. நம்முடைய இடது பக்கச் சுவர் ஒருவருக்கு வலது பக்கச் சுவர். நம்முடைய தரை ஒருவருக்குக் கூரை. இரவு வேலை முடித்து வந்து பகலில் உறங்குகிறவரும், பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையும், நோயில் படுத்திருக்கிற முதியவரும் அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்திலேதான் நம்முடைய வீட்டுக் கூட்டங்களும், வாடகைக் கட்டிடத்தில் நடக்கும் ஞாயிறு ஆராதனைகளும், முழு இரவு ஜெபங்களும் நடைபெறுகின்றன.

“ஐயா, பக்கத்து வீட்டார் போலீசில் புகார் கொடுத்துவிட்டார்கள், இது உபத்திரவம் அல்லவா?” என்று சில விசுவாசிகள் கேட்பதுண்டு. “எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற பட்டறை இரவெல்லாம் இரும்பை அறுக்கிறது, நாங்கள் என்ன செய்வது?” என்று வேறு சிலர் கேட்பதுண்டு. இவ்விரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே சட்டத்தில்தான் இருக்கிறது. நம்மைக் கட்டுப்படுத்துகிற சட்டமே நம்மைக் காப்பாற்றுகிற சட்டமும் ஆகும். ஒரு முனையை மாத்திரம் பிடித்துக்கொண்டு மறுமுனையை விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

வேதம் காட்டும் வீட்டுச் சட்டம்

ஒருவனுடைய சொத்து மற்றவனுக்குத் தீங்காகிவிடக்கூடாது என்பது நகராட்சிகள் தோன்றிய பிறகு வந்த எண்ணம் அல்ல. புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்று மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிடுகிறது (உபா. 22:8). வீடு அவனுடையதுதான், ஆனால் அதிலிருந்து ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். குழியை வெட்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மிருகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் (யாத். 21:33, 34). மாடு முட்டுகிற மாடு என்று எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காதவனுடைய குற்றம், அறியாதவனுடைய குற்றத்தைவிட மிகப் பெரியது (யாத். 21:28, 29). எச்சரிக்கப்பட்ட பிறகும் தொடருவதே குற்றத்தைப் பெரிதாக்குகிறது என்பதைக் கவனியுங்கள். இன்றைய சட்டமும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடக்கிறது.

சட்டம் எதைப் பொதுத்தொல்லை என்கிறது?

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 268ஆம் பிரிவாக இருந்த பொதுத்தொல்லை பற்றிய விளக்கம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 270ஆம் பிரிவாக இருக்கிறது. பொதுமக்களுக்கோ, அக்கம்பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கோ பொதுவாகத் தீங்கையும் ஆபத்தையும் தொந்தரவையும் உண்டாக்கும் செயலும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் பொதுத்தொல்லை ஆகும். அதனால் சிலருக்கு நன்மையோ வசதியோ உண்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது என்றும் அந்தப் பிரிவே கூறுகிறது. “எங்கள் கூட்டத்தினால் அநேகர் ஆறுதல் அடைகிறார்களே” என்பது உண்மையாக இருக்கலாம். ஆயினும் அது இந்தச் சட்டத்துக்குப் பதில் ஆகாது.

இந்தக் குற்றத்துக்கு முன்பு 200 ரூபாய் வரை இருந்த அபராதம் இப்போது 1,000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டிருக்கிறது. அதிகாரம் உள்ள அரசு ஊழியர் நிறுத்தச் சொல்லி உத்தரவிட்ட பிறகும் தொடர்ந்தால், ஆறு மாதம் வரை வெறுங்காவல் தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எச்சரிக்கப்பட்ட மாட்டுக்காரனின் நிலை இதுதான்.

தண்டனையைவிட வலிமையான வழி வேறொன்று உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக இருப்பது அது. உடல்நலத்துக்கும் சுகவாழ்வுக்கும் கேடான தொழில், பொதுவழியை மறிக்கும் தடை, இடிந்து விழும் நிலையிலுள்ள கட்டிடம், வேலியில்லாத கிணறு ஆகியவற்றைக் குறித்து மாவட்ட மாஜிஸ்திரேட்டோ, கோட்ட மாஜிஸ்திரேட்டோ, அதிகாரம் அளிக்கப்பட்ட நிர்வாக மாஜிஸ்திரேட்டோ ஒரு நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கலாம்: குறித்த காலத்துக்குள் தொல்லையை அகற்ற வேண்டும், அல்லது நேரில் வந்து ஏன் அகற்றக்கூடாது என்று காரணம் காட்ட வேண்டும். ஒருவருடைய வாயை அடைத்துவிட்டு அவருடைய இடத்தை மூடுவது இந்தப் பிரிவின் நோக்கம் அல்ல. இரு தரப்பையும் கேட்பதற்கு அதில் இடம் உண்டு.

பெந்தெகொஸ்தே சபை ஒன்றின் வழக்கு

இந்தியாவில் வழிபாட்டு இடங்களின் சத்தத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் எடுத்துக்காட்டும் தீர்ப்புகளில் ஒன்று, நம்மைப் போன்ற ஒரு பெந்தெகொஸ்தே சபையின் வழக்கில் பிறந்தது என்பதை நம் வாசகர்களில் எத்தனை பேர் அறிவீர்கள்?

சென்னையில் மாதவரம் நெடுஞ்சாலையில் உள்ள கே.கே.ஆர். நகரில் சர்ச் ஆஃப் காட் (ஃபுல் காஸ்பல்) சபைக்கு ஒரு ஜெபக்கூடம் இருந்தது. அங்கே ட்ரம் செட்டும் கிட்டாரும் மற்ற இசைக்கருவிகளும் ஒலிபெருக்கியும் பயன்படுத்தப்பட்டன. 1996 மே மாதத்தில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் நலச்சங்கம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் செய்தது. வாரியம் அந்தச் சுற்றுவட்டாரத்தின் ஒலியை அளந்து பார்த்தது. நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்களின் இரைச்சலும் அந்த அறிக்கையில் வெளிப்பட்டது. பின்பு நலச்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுக்கும் உள்நோக்கத்துடன் தொடுக்கப்பட்ட வழக்கு இது என்று சபை வாதாடியது. உயர் நீதிமன்றம் இதில் தீய நோக்கம் எதையும் காணவில்லை. அதே வேளையில், சத்தத்துக்குச் சபை மாத்திரம் காரணம் அல்ல என்பதையும் ஏற்றுக்கொண்டது. இரைச்சல் எழுப்பும் வாகனங்கள்மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டும், சபையும் தன் ஒலிபெருக்கியைத் தாழ்த்த வேண்டும் என்று காவல்துறைக்கு உத்தரவிட்டது. சபை உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 2000 ஆகஸ்டு 30 அன்று அந்த மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது.

உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: பிறருடைய அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை, ஒலிபெருக்கியும் மேளமும் இருந்தே தீர வேண்டும் என்றும் போதிக்கவில்லை. குழந்தைகள், முதியோர், நோயாளிகள், மாணவர்கள் ஆகியோருக்கும் அமைதியாக வாழ உரிமை உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் வழிபாட்டுச் சுதந்திரமும், பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் உட்பட்டதே.

பிரியமானவர்களே, இந்தத் தீர்ப்பைத் தோல்வி என்று மாத்திரம் பார்க்காதீர்கள். நீதிமன்றம் சபையை மூடச் சொல்லவில்லை. ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு ஒலியைக் குறைக்கச் சொன்னது. ஜெபக்கூடத்துக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அது நமக்குக் கற்றுக்கொடுத்தது.

மனதில் வைக்க வேண்டிய எண்கள்

2000ஆம் ஆண்டில் மத்திய அரசு பிறப்பித்த ஒலி மாசு விதிகளின்படி, பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை; இரவு என்பது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட ஒலி பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் 50, 40. ஓரடி ஈரடி தூரத்தில் இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே ஏறக்குறைய 60 டெசிபல் என்றால், 55 என்பது எவ்வளவு குறைவு என்று நிதானித்துக்கொள்ளுங்கள். டெசிபல் என்பது தராசுக் கல்லைப் போல ஒவ்வொன்றாய்க் கூடுவது அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது.

ஒலிபெருக்கி வைப்பதற்கு அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். தனியார் இடத்தில் வைக்கப்படும் ஒலிக்கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் அளக்கும்போது, அப்பகுதிக்குரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் மிஞ்சக்கூடாது. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் கூடாது. மூடிய அரங்கத்துக்குள் உள்ளிருப்போருக்காகப் பயன்படுத்த விதிவிலக்கு உண்டு. ஆனால் ஜன்னல்கள் திறந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கூடத்தை “மூடிய அரங்கம்” என்று சொல்லி அதிகாரியை நம்பவைப்பது கடினம். பண்டிகை, விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல் இரவு 12 மணி வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த நாட்கள் அரசு அறிவிப்பவை. நாமே தெரிந்தெடுத்துக்கொள்பவை அல்ல.

மும்பை வாசகர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். குர்லா நேரு நகர், சுனாபட்டி பகுதிக் குடியிருப்போர் மசூதிகளின் ஒலிபெருக்கிகளைக் குறித்துத் தொடுத்த வழக்கில், 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், ஒலிபெருக்கி எந்த மதத்துக்கும் இன்றியமையாத பகுதி அல்ல என்று கூறியது. புகார் செய்தவரின் பெயரை வெளியிடாமலே காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். முதலில் எச்சரிக்கை, பின்பு அபராதம், அதற்கும் அடங்காவிட்டால் கருவியைப் பறிமுதல் செய்தல் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும் என்று வழிகாட்டியது. வழக்கு மசூதிகளைப் பற்றியது என்று நம்மில் ஒருவரும் மகிழ வேண்டாம். அந்த அளவுகோல் கோவிலுக்கும் மசூதிக்கும் சபைக்கும் ஒன்றே.

“தேவனைத் துதிக்க அளவு உண்டோ?”

இங்கே சிலருடைய உள்ளத்தில் கேள்விகள் எழும்பும். அவை நியாயமான கேள்விகளே.

150ஆம் சங்கீதம் தம்புருவையும் கைத்தாளத்தையும் சொல்லவில்லையா? சொல்லுகிறது. நம்முடைய ஆராதனை முழக்கமும் மகிழ்ச்சியும் உள்ள ஆராதனை. அதைக் குறித்து நாம் வெட்கப்படுகிறதில்லை. ஆனால் அந்தச் சங்கீதத்தில் மின்சார ஆம்ப்ளிஃபையர் இல்லை. முப்பது பேர் கூடும் அறைக்கு முந்நூறு பேருக்கான ஸ்பீக்கர் எதற்கு என்று சபைக்கமிட்டி ஒருமுறை உட்கார்ந்து யோசிக்கலாம்.

பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடவில்லையா? பாடினார்கள் (அப். 16:25). அவர்கள் தொழுமரத்தில் கட்டப்பட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியைத் தெருவை நோக்கித் திருப்பி வைத்திருக்கவில்லை. பெந்தெகொஸ்தே நாளின் முழக்கத்தைக் கேட்டு ஜனங்கள் கூடிவரவில்லையா? வந்தார்கள். அப்பொழுது பொழுது விடிந்து மூன்றாம் மணி வேளை என்று பேதுருவே சொல்லுகிறார் (அப். 2:15). நம் கணக்கில் அது காலை 9 மணி.

சத்தமாய்க் கூப்பிட்டால்தான் கேட்கும் என்பது பாகாலின் தீர்க்கதரிசிகளைக் குறித்து எலியா பண்ணின பரியாசம் (1 இராஜா. 18:27). அன்னாளின் உதடுகள் மாத்திரம் அசைந்தன, சத்தம் கேட்கப்படவில்லை (1 சாமு. 1:13); ஆயினும் கர்த்தர் கேட்டார். அதிகாலையில் உரத்த சத்தமாய்ச் சொல்லப்படும் ஆசீர்வாதமும் அயலானுக்குச் சாபமாகத் தோன்றும் என்று நீதிமொழிகள் 27:14 எச்சரிக்கிறது. எந்த அயலானுக்காக நாம் இரவெல்லாம் ஜெபிக்கிறோமோ, அந்த அயலான் அதே ஜெபத்தினால் சுவிசேஷத்தை வெறுத்தால் நமக்கு இலாபம் என்ன?

மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்பது உண்மையே (அப். 5:29). இயேசுவின் நாமத்தைப் பேசக்கூடாது என்று தடுத்தபோது அப்போஸ்தலர் அதைச் சொன்னார்கள். இரவு 10 மணிக்கு மேல் மைக்கை அணைக்கச் சொல்லும் சட்டம், இயேசுவின் நாமத்தைத் தடுக்கும் சட்டம் அல்ல. உபத்திரவத்தையும் ஒழுங்கையும் பிரித்தறியத் தெரியாவிட்டால், மெய்யான உபத்திரவம் வரும் நாளில் நம்முடைய சொல்லை யாரும் நம்பமாட்டார்கள்.

நாம் தொல்லை அனுபவிக்கும்போது

நகரத்தில் நமக்குக் கிடைக்கும் வாடகை வீடுகள் பெரும்பாலும் சாக்கடை ஓரத்திலும், பட்டறை மேலேயும், குப்பைமேட்டுக்கு அருகேயும்தான். “நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கு ஏன் வம்பு” என்று அநேகர் பொறுத்துக்கொள்ளுகிறார்கள். சட்டம் ஊர்க்காரனுக்கும் வந்தேறிக்கும் ஒன்றே என்பதை மறவாதேயுங்கள்.

மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் ஒரு வார்டு மக்கள், திறந்த சாக்கடையின் நாற்றத்தையும், சாராய ஆலையின் கழிவையும், கழிப்பிடம் இல்லாததால் தெருவே கழிப்பிடமாகிவிட்ட அவலத்தையும் குறித்து மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டார்கள். நகராட்சியோ, பணம் இல்லை என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் சென்றது. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பணமில்லை என்று சொல்லி ஒரு நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்புக்கு அடித்தளமாய் இருந்தது மேலே சொன்ன 133ஆம் பிரிவுதான். ஏழைகளின் தெருவுக்கு வடிகால் கேட்கப் பயன்பட்ட அதே பிரிவு இன்று 152ஆம் எண்ணில் நமக்கும் திறந்திருக்கிறது.

ஆகையால் தொல்லை உண்டானால், முதலாவது அந்த மனிதரிடம் தனித்துப் பேசுங்கள். மத்தேயு 18:15இன் ஒழுங்கு சபைக்கு வெளியேயும் நல்ல ஒழுங்கே. அதற்குப் பயன் இல்லையானால் ஹவுசிங் சொசைட்டிக்கோ, வீட்டு உரிமையாளருக்கோ எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம், என்ன நடந்தது என்பதை ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்து வாருங்கள். இரவுச் சத்தமானால் 112ஐ அழைக்கலாம். சாக்கடை, குப்பை, தேங்கிய நீர் ஆகியவற்றுக்கு நகராட்சியின் வார்டு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். மும்பையில் 1888ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டமே, கொசு பெருகும்படி நீர் தேங்கவிடும் சொத்தின் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்ப இடம் தருகிறது. பல குடும்பங்கள் பாதிக்கப்பட்டால் சேர்ந்து கையொப்பமிடுங்கள். வேறு சமயத்தாரும் சேர்ந்த மனுவுக்கு வலிமை அதிகம். கடைசியாக மாஜிஸ்திரேட்டிடம் 152ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம். நீதிமன்றத்தின் அனுமதியுடன் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ சிவில் வழக்கும் தொடரலாம். பவுல் தன் ரோமக் குடியுரிமையை மறைத்துவைக்கவில்லை, இராயனுக்கு அபயமிட்டார் (அப். 25:11). நாமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

நம்மேல் புகார் வந்தால்

கோபப்படாதேயுங்கள்; கூட்டம் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகாதேயுங்கள். புகார் வேறு, உத்தரவு வேறு. எழுத்து மூலமான உத்தரவு உண்டா, எந்தச் சட்டத்தின் கீழ் என்று மரியாதையாகக் கேளுங்கள். உத்தரவு இருந்தால் கீழ்ப்படிந்து, கொடுக்கப்பட்ட நாளுக்குள் ஒரு வழக்கறிஞருடன் சென்று காரணம் காட்டுங்கள். ஒலியை அளக்கும்படி நீங்களே கேளுங்கள். மாதவரம் வழக்கில், சத்தம் சபையிலிருந்து மாத்திரம் வரவில்லை என்று காட்டியது அந்த அளவீடுதான். பகைமையினால் பொய்ப்புகார் கொடுக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எதிரே நமக்கு இருக்கும் நல்ல கேடயம், நம்முடைய சத்தம் அளவுக்குள் இருக்கிறது என்ற உண்மையே.

புகார் வருமுன்னே செய்யக் கூடியவையும் உண்டு. ஒலிபெருக்கிப் பெட்டியை வாசலை நோக்கி வைக்காமல் உட்புறமாய்த் திருப்புங்கள். ட்ரம்ஸின் அடியில் தடித்த கம்பளம் விரியுங்கள். ஜன்னல்களுக்குக் கனத்த திரை போடுங்கள். முழு இரவு ஜெபத்தில் 10 மணிக்கு மைக்கையும் இசைக்கருவிகளையும் நிறுத்தி, வாய்மொழி ஜெபமாகவும் மெல்லிய பாடலாகவும் தொடருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் அந்த இடம் எதற்கென்று எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வசிப்பதற்கென்று வாங்கிய வீட்டை நிரந்தர ஆராதனைக்கூடமாக்கினால், சத்தமே இல்லாவிட்டாலும் உரிமையாளர் காலி செய்யச் சொல்ல இடம் உண்டாகும். செருப்புகள் அடுத்த வீட்டு வாசலில் குவியாமலும், இருசக்கர வாகனங்கள் வழியை மறிக்காமலும் இருக்க ஒரு சகோதரரை நியமியுங்கள். சிறப்புக் கூட்டம் வைக்கும்போது, அயல்வீட்டாரிடம் முன்கூட்டியே சென்று நேரத்தைச் சொல்லி, “தொந்தரவாயிருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்” என்று போதகரின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். காவல்துறையை அழைக்குமுன் உங்களை அழைக்க அவர்களுக்கு ஒரு வழி இருக்கட்டும்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எரேமியா எழுதின நிருபத்தில், அவர்கள் குடியேறியிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கும்படியும், அதின் சமாதானத்திலே அவர்களுக்கும் சமாதானம் உண்டு என்றும் சொல்லப்பட்டிருக்கிறது (எரே. 29:7). நம்மைப்போல ஊரை விட்டு வந்தவர்களுக்கே அந்த வார்த்தை எழுதப்பட்டது. பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கிறவர்களே அதைக் கலைக்கிறவர்களாய் இராதபடிக்கு எச்சரிக்கையாயிருப்போமாக.

சமாதானத்தின் தேவன்தாமே உங்கள் வீடுகளையும், உங்கள் சபைகளையும், சுவருக்கு அப்பால் உறங்குகிற உங்கள் அயலாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.